கணவன் பெயரில் நடந்தவள்

ஒருவர் செய்ய வேண்டிய காரியத்தை இன்னொருவர் செய்து முடித்துவிட்டால், அது யாருடைய காரியம்? பெரும்பாலான விஷயங்களில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கூரையை யார் அடைத்தாலும் மழை உள்ளே வராது. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டினாலும் விளக்கு எரியும். ஆனால் சில காரியங்கள் செய்பவரின் உடம்பைவிட்டுப் பிரியாதவை. ஒருவருடைய தூக்கத்தை இன்னொருவர் தூங்க முடியாது. ஒருவருடைய பத்தியத்தை இன்னொருவர் காக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் பாருவின் தெப்ராவ் பகுதியில் வாழும் பிரேமலா, தன் கணவன் நடக்க வேண்டிய நடையைப் பல வாரங்கள் தான் நடந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. செடெனாக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு தொழிற்சாலை வேலைக்குப் போனாள்; இன்றுவரை தொழிற்சாலைதான், கம்பெனிகள் மட்டும் மாறின. இப்போது இருக்கும் இடத்தில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறார்கள். ஸ்டோரில் பாகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒவ்வொரு லைனுக்கும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பது அவள் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றட்டுமா என்று ஒருமுறை கேட்டார்கள். வேண்டாம் என்றாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று காரணம் சொன்னாள். அது விளையாட்டுப் பேச்சில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் தூங்கிவிடுவது எல்லாருக்கும் தெரியும். இறங்கும் இடம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டுவார்.

கணவன் ரூபேந்திரன் பல வருடங்கள் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போவான். இருட்டிய பிறகு திரும்புவான். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லையை மூடியபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தொழிலாளர் விடுதி ஒன்றில் இரண்டு வருடம் இருந்தான். அறைக்குள் அடைபட்டிருந்த ஆண்களுக்குப் போனைத் தவிர வேறு துணை இல்லை. ஐந்து பேர் ஒரு அணியாகச் சேர்ந்து எதிரணியின் கோட்டையைப் பிடிக்கும் ஒரு விளையாட்டு. அதில் அவன் கெட்டிக்காரனாகிவிட்டான். எல்லை திறந்ததும் வீட்டுக்கு வந்தான். விளையாட்டும் கூடவே வந்தது.

வந்தவன் சிங்கப்பூருக்குத் திரும்பப் போகவில்லை. தெப்ராவிலேயே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. வேலை விட்டு வந்து குளிப்பான், முன்னறை நாற்காலியில் உட்காருவான், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்வான். பிறகு அந்த நாற்காலியிலிருந்து வரும் சத்தமெல்லாம் வேறு யாருக்கோ சொல்லப்படுபவை. “மேல வா லா, மேல வா! பின்னாடி ஒருத்தன் இருக்கான் பாரு!” பிரேமலா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவன் முழங்கை படாத இடமாகப் பார்த்து வைப்பாள். தட்டு காலியானதும் எடுப்பாள். வெளியூரில் படிக்கும் மகள் லோஷினி விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க தட்டைக் கொண்டுபோய்க் குடுக்கறத நிறுத்துங்க. பசிச்சா எழுந்து வரட்டும்” என்றாள்.

“எழுந்து வரலன்னா?”

“வரலன்னா பட்டினி கெடக்கட்டும்.”

“உனக்கென்னம்மா, லீவு முடிஞ்சா போயிருவ” என்றாள் பிரேமலா.

இதைப் பொறுமை என்று சொல்வதா, களைப்பு என்று சொல்வதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பொறுமையில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும் என்பார்கள். பிரேமலாவிடம் அது இருந்ததாகத் தெரியவில்லை. சண்டை போட வேண்டுமானால் முதலில் நின்று மூச்சு வாங்க வேண்டும். அவளுக்கு அதற்கான இடைவெளி கிடைக்கவில்லை என்பது வரைக்கும்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

சென்ற வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள், ரூபேந்திரன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான். வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனால் அடுக்கின் கால் ஒன்றில் இடித்து, மேல்தட்டுப் பெட்டிகள் எல்லாம் சரிந்தன. அந்தப் பக்கம் அப்போது யாரும் இல்லை. சூப்பர்வைசர் ஜெயசங்கர் மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். ரூபேந்திரன் தலையைத் தூக்கவில்லை. அவர் பிரேமலாவைப் பார்த்தே பேசினார்.

“அக்கா, கீழ ஆள் நின்னுருந்தா இந்நேரம் நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்.”

“தெரியுதுங்க.”

“இவரு கேம் வெளையாடறது எல்லாருக்கும் தெரியும். கேன்டீன்லயே கதை ஓடுது. நான் மூணு மாசம் எடத்தைப் புடிச்சு வெக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அவங்க சொல்றத முழுசா செய்யட்டும். முடிச்சாருன்னு லெட்டர் வந்தா மறுநாளே வண்டியில ஏறலாம். லெட்டர் இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல லா.”

நாற்பத்தொன்பது வயதில், தூங்கி விழுந்தவன் என்ற பெயரோடு வெளியே போகிறவனுக்கு இன்னொரு கிடங்கு கதவைத் திறக்காது. அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பேசினார்கள், ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். விளையாட்டை விட முடியாத பெரியவர்களுக்கு அந்த மையம் வீட்டிலிருந்தபடியே உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தது. மருந்து கிடையாது. விளையாடாதே என்றும் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் சில மாலைகள் போன் கேமராவின் முன் நின்று மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும். மற்றபடி தினமும் வெளியே போய் நடக்க வேண்டும். கையில் கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் கொடுத்தார்கள். அது நடையையும் இதயத் துடிப்பையும் பதிந்துவைத்துக்கொள்ளும். அவனுடைய போனுக்கு அருகில் வந்ததும் எல்லாவற்றையும் மையத்துக்கு அனுப்பிவிடும். உடம்பு களைத்தால் தூக்கம் ஒழுங்காகும், தூக்கம் ஒழுங்கானால் கை தானாகப் போனைத் தேடாது என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. வாரம் ஒருமுறை மையத்திலிருந்து அந்தச் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ரூபேந்திரனுக்குச் சாட்சி பிரேமலா.

பயிற்சி கொடுத்தவள் யோகேஸ்வரி என்னும் உடலியக்கச் சிகிச்சையாளர். முப்பது வயதைத் தாண்டியவள், சுறுசுறுப்பானவள். முதல் மாலையில் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு ரூபேந்திரன் எதிரே நின்றான்.

“அண்ணே, கேமராவைக் கொஞ்சம் கீழ எறக்குங்க. எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரியுது.”

“ஃபேன் நல்லாத்தான் சுத்துது டீச்சர். அதுக்கு மார்க்கு போட்டுருங்க.”

திரையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நான்கு நான்கு பேராகக் குழு பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவின் நடையையும் கூட்டி வாரக் கடைசியில் வரிசைப்படுத்துவார்கள். விளையாட்டில் மூழ்கியவர்களை எழுப்ப அதுதான் நல்ல வழி என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ரூபேந்திரனுடைய குழுவில் சிம்பாங் ரெங்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சிவகணேசன் என்பவர் இருந்தார். படித்தவர், குத்தலாகப் பேசுவார். அவரும் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டுப் பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தவர்தான்.

“அண்ணே, டீச்சர் உக்காந்து எழுந்திருக்கச் சொன்னாங்க. நீங்க உக்காந்ததோட சரி” என்றார் சிவகணேசன்.

“எழுந்திருக்கறது அடுத்த வாரம் லா.”

இந்த மாலைப் பயிற்சிகளில் அவன் எப்படியோ நின்று கையைக் காலை அசைத்துவிடுவான். நாலு பேர் பார்க்கிறார்கள் அல்லவா. நடக்கத்தான் மாட்டேன் என்றான். வெயில் என்றான், மழை என்றான், தெருமுனையில் நாய் என்றான். விளையாடும்போது மணிக்கட்டில் வாட்ச் உறுத்துகிறது என்று கழற்றி டிவி மேல் வைத்தான்.

ஒரு சனிக்கிழமைக் காலை தூசி தட்டும்போது பிரேமலா அதை எடுத்துத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். ஏன் கட்டினாள் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். கட்டியபடியே அரைநாள் வேலைக்குப் போய் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ரூபேந்திரனின் போனில் மணி அடித்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தான்.

“அலமாக்! நான் இன்னிக்கு இவ்வளவு நடந்திருக்கேனா?”

“நீங்க எங்க நடந்தீங்க? நடந்தது நான்.”

“பிரேமா, இத பாரேன். பட்டாசு எல்லாம் வெடிக்குது. ‘வாழ்த்துகள் ரூபேந்திரன்’னு போட்டுருக்கான்.”

“கழட்டிக் குடுக்கறேன், நீங்களே கட்டிக்கிட்டு ஒரு சுத்து போய்ட்டு வாங்க.”

“இரு லா. கேம்ல இது பெரிய விஷயமே இல்ல. ரேங்க் ஏறலன்னா நல்லா ஆடறவன்கிட்ட நம்ம ஐடி, பாஸ்வேர்டக் குடுத்துருவோம். அவன் நம்ம பேர்ல ஆடி ஏத்திக் குடுப்பான்.”

“அது தப்பு இல்லையா?”

“மாட்டுனாத்தான் தப்பு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை வாட்சைக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

அவனுக்கு இது விளையாட்டு உலகத்து வழக்கம். அவள் வேறொரு வழக்கத்தில் வளர்ந்தவள். அவன் விடுதியில் காய்ச்சலாகக் கிடந்த சமயத்தில், அவள் செடெனாக் மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, கோயில் திறந்ததும் பால்குடம் எடுத்தாள். விரதம் இருந்தது அவள். தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தது அவள். குணமானது அவன். நோயாளி ஏன் வரவில்லை என்று கோயிலில் யாரும் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் உடம்பை வருத்தினால் அதன் பலன் இன்னொருவருக்குப் போய்ச் சேரும் என்பது அங்கே விளக்க வேண்டாத விஷயம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வந்தவளுக்கு, ஒரு வாட்சைக் கட்டிக்கொண்டு நடப்பது பெரிய ஏமாற்றாகத் தோன்றியிருக்காது. லெட்டர் வர வேண்டும். லெட்டர் வர நடை வேண்டும். நடை அவளிடம் நிறைய இருந்தது.

ஆனால் கோயிலில் கேட்பது பக்தியை. மையம் கேட்டது அவனுடைய களைப்பை. அவள் நடந்து அவள்தான் களைத்தாள். அவன் வழக்கம்போல் விளையாடினான். காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம்கூட அப்போது இல்லாததால், முன்பைவிட அதிகமாகவே விளையாடினான்.

வாரந்தோறும் யோகேஸ்வரி கூப்பிட்டாள்.

“அக்கா, அண்ணன் கலக்கறாரு! எங்க குரூப்லயே அவருதான் முன்னுக்கு நிக்கறாரு. வீட்ல எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காருங்க.”

“தூக்கம்?”

“தூங்கறாருங்க.”

“நீங்கதான் அவருக்குப் பெரிய பலம்னு நெனக்கறேன்.”

கைபேசியை வைத்த பிறகு பிரேமலா சிறிது நேரம் அடுப்படியில் சும்மா நின்றாள். இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாகத் தொழிற்சாலைத் தரையில் நடந்திருக்கிறாள். நன்றாக நடக்கிறாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை அது. இப்போது ஒவ்வொரு மாலையும் பட்டாசு வெடித்தது, அவன் பெயரில். இதில் அவளுக்கு ஒரு ரகசிய மகிழ்ச்சி இருந்ததா என்றால், இருந்தது. தள்ளுவண்டியைக் கூடுதலாக ஒரு சுற்று கொண்டுபோன நாட்களும் உண்டு. அவள் முழுக்க முழுக்கக் கணவனுக்காகவே நடந்தாள் என்று எழுதினால் அது உண்மையைக் கொஞ்சம் அலங்கரிப்பதாகும்.

இரண்டாவது மாதத்தின் முடிவில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் படுக்கச் சொல்லி எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். ரூபேந்திரன் போனிலேயே கஞ்சி ஆர்டர் செய்து, வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் கட்டிலருகே வைத்தான். வாட்ச் மீண்டும் டிவி மேல் ஏறியது.

குழுவின் கணக்கு சரிந்தது. முதலில் யோகேஸ்வரி கனிவாகச் செய்தி அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அதற்குப் பிறகு வந்த மாலைப் பயிற்சி முடிந்து டீச்சர் திரையிலிருந்து போனதும், சிவகணேசன் அவனை நிறுத்தினார். அறைக்குள் படுத்திருந்த பிரேமலாவுக்கு எல்லாம் கேட்டது.

“அண்ணே, என்ன நடக்குது? நாம முதல்ல இருந்தோம். இப்ப கடைசி.”

“வீட்ல ஒடம்பு சரியில்ல லா.”

“ஒடம்பு சரியில்லாதது உங்களுக்கா அக்காவுக்கா?”

ரூபேந்திரன் அரிசி டின்மேல் இருந்த போனைச் சரிசெய்தான்.

“நான் மூட்டு வலியோட மழையில குடை புடிச்சுக்கிட்டு நடக்கறேன். கடைக்கு வர்றவங்க எல்லாம் மொதலாளின்னு பாக்காம கேக்கறாங்க, ‘தவுக்கே, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா’ன்னு. நீங்க நடுவுல விட்டுட்டுப் போறீங்க. மேட்ச் பாதியில ஓடிப் போறவனை என்ன சொல்லுவோம்னு உங்களுக்கே தெரியும்.”

அது அவர்கள் உலகத்தில் பெரிய வசவு போலிருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அணியை விட்டுப் போகிறவன். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதையும், மகள் முகம் கொடுத்துப் பேசாததையும் தாங்கிக்கொண்டவன் இதைத் தாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் மாலை ரூபேந்திரன் அலமாரியைக் குடைந்து பழைய காலணியைத் தேடி எடுத்தான். வாட்சைத் தன் கையில் கட்டினான். கதவு திறந்து மூடும் சத்தம் பிரேமலாவுக்குக் கேட்டது.

அவர்கள் வசிக்கும் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. அதைச் சுற்றிவிட்டு அவன் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறை வாசலில் சாய்ந்து நின்றான்.

“செத்தேன் லா. நெஞ்சு படபடன்னு அடிக்குது.”

“தண்ணி குடிங்க.”

“ஒரு சுத்துக்கே இப்படி.”

“எதுக்கு எழுந்தீங்க?” என்று அவள் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை.

“டீம் கீழ எறங்கிருச்சு. அந்தாளு கேட்ட கேள்விக்கு எனக்கு மானமே போச்சு.”

பிரேமலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவன் எழுந்துவிட்டான். அவள் வேண்டியது அதைத்தான். கடந்த மூன்று வருடங்களில் அவள் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், ஒருமுறை இணைய இணைப்பைப் பிடுங்கியிருக்கிறாள். இரண்டு மாதம் அவன் பெயரைக் கையில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். எழுப்பியது அதெல்லாம் இல்லை. நேரில் பார்த்தேயிராத ஒரு மருந்துக்கடைக்காரர் அரை நிமிடத்தில் எழுப்பிவிட்டார். விளைவு நல்லதாக இருந்தால், அது யாரால் வந்தது என்று கேட்பது அற்பமா? அற்பம் என்று சொல்லிவிடலாம். படுக்கையில் கிடந்தவள் நாம் அல்ல.

அதற்குப் பிறகு அவன் தினமும் போனான். முதலில் ஒரு சுற்று, பிறகு அதற்கு மேல். மழை வந்தால் தெருமுனைக் கடையின் கூரைக்கடியில் நின்றுவிட்டுத் தொடர்ந்தான். நாயோடு பழக்கமாகிவிட்டான். நடந்து வந்த களைப்பில் சோபாவிலேயே தூங்கினான். சில நாட்களில் விளையாட்டைத் தொடவே இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். ஒரு மாலை நேரத்தில் சிவகணேசனோடு போனில் பேசிக்கொண்டே நடந்து, முடிவில் இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்ததை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. இன்னும் விளையாடினான். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான்.

பிரேமலா வேலைக்குத் திரும்பினாள். கையில் வாட்ச் இல்லை. காய்ச்சல் உடம்பிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. தள்ளுவண்டியைப் பாதி தூரம் தள்ளியதும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மாலையில் வீடு வரும்போது அவன் நடக்கப் போயிருப்பான். அவளே சமைத்து, அவளே சாப்பிட்டு முடித்துவிடுவாள். அவன் வந்து இன்று எத்தனை சுற்று என்று உற்சாகமாகச் சொல்வான். “நல்லது” என்பாள்.

“நீயும் வாயேன் பிரேமா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்” என்று ஒருநாள் கூப்பிட்டான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நான் காலையிலேருந்து நடந்துட்டுத்தான் வர்றேன்.”

“ஓ, ஆமால்ல” என்றான் அவன். காலணியை மாட்டிக்கொண்டு போனான்.

மூன்றாவது மாதம் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில், யோகேஸ்வரி கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிறன்று கூப்பிட மாட்டாள். ரூபேந்திரன் நடக்கப் போயிருந்தான். பிரேமலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, லெட்டர் போடற நேரம் வந்துருச்சு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க.”

“கேளுங்க.”

“முதல் ரெண்டு மாசம் அண்ணன் ரொம்ப நடந்திருக்காரு. அவ்வளவு நடந்தும் இதயம் அமைதியா இருக்கு. பழகின ஒடம்பு. இப்ப பாதிகூட நடக்கல, துடிப்பு எகிறுது. புதுசா நடக்கறவங்களுக்குத்தான் அப்படி வரும். எனக்கு இது ரெண்டு பேரு ஒடம்பு மாதிரி தெரியுது அக்கா.”

பிரேமலா கத்தியைக் கீழே வைத்தாள்.

“மொதல்ல நடந்தது நீங்க. சரியா?”

“ஆமா.”

போனின் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. கோபமான பெருமூச்சு இல்லை. “நெனச்சேன். இப்படிச் செய்யற மொத ஆளு நீங்க இல்ல. ஒரு வீட்ல நாய் கழுத்துல கட்டி விட்டாங்க.” அவள் சிரிக்க முயன்றாள். “பரவால்ல அக்கா. எங்களுக்கு வேண்டியது அவரு எழுந்து நடக்கறதுதான். காய்ச்சலுக்கு அப்புறம் நடந்தது அவருதான்னு நீங்க சொன்னா போதும். அந்த வாரங்கள வெச்சே நான் டாக்டர்கிட்ட பேசி லெட்டர் வாங்கிடுவேன். சாட்சி நீங்க. உங்க வாய்லேருந்து வரணும். அதான் கேக்கறேன். அதுக்கப்புறம் நடந்தது அண்ணன்தானே?”

வாசல் கம்பிக்கதவு திறந்தது. ரூபேந்திரன் வந்து நின்றான். காலணியைக் கழற்றக் குனிந்தவன், யோகேஸ்வரியின் குரலைக் கேட்டு அப்படியே நிமிர்ந்தான். கடைசிக் கேள்வி அவன் காதில் தெளிவாக விழுந்தது. பிரேமலாவைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. பதில் என்னவென்று அவனுக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும்; அது உண்மை. ஒருமுறை ‘ஆமா’ என்றால் நாளை மறுநாள் அவன் வேலைக்குப் போகலாம்.

“இல்லங்க” என்றாள் பிரேமலா. “எல்லாமே நான்தான்.”

“அக்கா?”

“காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூச்சு வாங்குது. முன்ன மாதிரி நடக்க முடியல. அதான் உங்களுக்கு வேற ஆளு மாதிரி தெரியுது.”

“அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்படிச் சொன்னா லெட்டர் கெடைக்காது. திரும்ப மொத வாரத்துலேருந்து ஆரம்பிக்கணும்.”

“தெரியுதுங்க.”

யோகேஸ்வரி சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“பிரேமா” என்றான் ரூபேந்திரன். ஒரு காலில் காலணி இருந்தது, மற்றதில் இல்லை. “எதுக்கு அப்படிச் சொன்ன?”

அவள் வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். அவன் மறுபடியும் கேட்டான். அன்று பல தடவை கேட்டான். லோஷினி போனில் கேட்டாள். ஜெயசங்கர், வேறு ஆளைப் போட்ட பிறகு, மனசு கேட்காமல் கேட்டார். சாட்சியாக வேறு யாரையாவது வைக்கலாமா என்று விசாரிக்கக் கூப்பிட்ட யோகேஸ்வரியும் கேட்டாள். பிரேமலா யாருக்கும் காரணம் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.